எந்தப் பயன்பாட்டுக்கானாலும்

பாலத்துச் சோதனைச் சாவடியில் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். காதில் விழும்படியே சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த இரும்பு மேசைக்குப் பின்னால் நிற்பவள். ஒரு பையின் அடித்தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே, உள்ளே இருப்பது என்ன, அது எப்போது தைத்து மூடப்பட்டது என்று சொல்லிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தாறு வயது. அலுவலகக் குடியிருப்பில் இரண்டு அறை, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு.

அந்த நாட்டில்தான் அவளுடைய உயிர் இருந்தது.

அவளுக்கு ஏழு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். பதினேழு வயது அக்காதான் அவளுக்குத் தலை வாரினாள், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டாள், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டாள். அக்காவைப் பெண் பார்க்க அக்கரையிலிருந்து ஒருவர் வந்தார். கல் உடைக்கும் ஆலையில் மெஷின் ஓட்டுபவர். கதவுக்குப் பின்னால் நின்று விசும்பிக்கொண்டிருந்த சின்னவளை எட்டிப் பார்த்து, "இது யாரு, கூடவே வர்ற சாமானா? சரி, ரெண்டையும் சேர்த்தே தூக்கிட்டுப் போறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். தன் பிள்ளையாகவே வளர்த்தார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

இந்த உத்தியோகத்துக்கான தேர்வு நடந்த அன்று பஸ் ஓடவில்லை. அத்தான் அவளை சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, பாலம் தாண்டி, பதினெட்டு மைல் மிதித்துக் கொண்டுபோய் இறக்கினார். இறங்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "நல்லா எழுது. ஃபெயில் ஆனா திரும்பிப் போக நீதான் மிதிக்கணும்" என்றார். அவள் தேறினாள். அந்த உத்தியோகம் பின்னாளில் அவரை என்ன செய்தது என்று இப்போது சொல்லப்போகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் அக்கரை அரசாங்கம் ஏதோ செய்துவிட்டது. என்ன செய்தது என்று எங்கள் ஊரில் நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். பெரிய நாடுகள் கூடிப் பேசின. நம் நாடும் கையெழுத்துப் போட்டது. மறுநாள் காலை சாவடிச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அக்கரைக்குப் போகக்கூடாத பொருள்கள், நாற்பத்தாறு வகை. பாலத்தில் வண்டிகள் நின்றன. வெள்ளிக்கிழமை மட்டும், பகல் அனுமதிச் சீட்டோடு, நடந்து வரலாம், நடந்து போகலாம்.

அதற்கு முன் இரண்டு ஊரும் ஒரே சந்தைதான். இங்கே பல் வலித்தால் அங்கே போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். அங்கே கல்யாணம் என்றால் துணி இங்கேதான். பட்டியல் வந்த பிறகு அக்கரை மனிதர்களின் சட்டைக் காலர் நைந்தது, கன்னம் ஒட்டியது, நடை குறுகியது. அவர்களை "வாங்கண்ணே" என்று கூப்பிட்ட அதே கடைக்காரர்கள், "பையை வெளிய வச்சிட்டு உள்ள வாங்க" என்று சொல்லப் பழகினார்கள். பசி அவர்களுக்கு, சந்தேகம் நமக்கு. ஒரு காகிதம் இதையெல்லாம் செய்யுமா என்றால், செய்யும்.

பட்டியலோடு சாவடி ஊழியர்களுக்கு ஒரு படிவமும் வந்தது. 'அக்கரையில் நெருங்கிய உறவினர் உண்டா?' உண்டு என்று எழுதியவர்களை நானூறு மைல் தள்ளியிருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். பொய்யே சொல்லத் தெரியாத அவள் 'இல்லை' என்று எழுதினாள். ஏன் தெரியுமா? இந்த மேசையில் நின்றால்தான் வெள்ளிக்கிழமை தோறும் அக்காவின் முகத்தைப் பார்க்கலாம். வரிசையில் வரும் நூறு பேரில் ஒருத்தியாக அக்கா வருவாள். தங்கை அவள் பையைத் துழாவுவாள். விரலும் விரலும் ஒரு நொடி தொட்டுக்கொள்ளும். அக்கா அவளை 'மேடம்' என்பாள். பெற்ற தாய்க்குச் சமமானவள், 'மேடம்' என்பாள்!

இதற்கு நடுவில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். வேலையில் சூரப்புலியாக இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

பட்டியலில் கம்ப்ரசர் தடை. ஆனால் மருத்துவத்துக்கு என்றால் விலக்கு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை 'மருத்துவம்' என்று சீட்டு ஒட்டி, தலைச்சுமையாக வந்த பதினாறு பெட்டிகளை அவள் பிரித்தாள். உள்ளே இருந்தவை வண்டிப் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசர்கள். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினாள். விலக்கை எடுத்துவிட்டு என்ன வாசகம் போடலாம் என்று யோசனையும் எழுதி அனுப்பினாள்: 'கம்ப்ரசர் பொருத்திய கருவி எதுவும், எந்தப் பயன்பாட்டுக்கானாலும்.' இரண்டு மாதத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. பட்டியலில் நாற்பத்தேழாவதாக, எழுத்து மாறாமல், அவளுடைய வாசகமே வந்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அவள் பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

அடுத்த வருடம் அத்தானின் நுரையீரல் கைவிட்டது. முப்பது வருடம் விழுங்கிய கல்தூசி சும்மா விடுமா? அக்கரை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் நிரப்பும் ஆலை உதிரிபாகம் இல்லாமல் மூடிக் கிடந்தது. அந்த ஊர் டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கிடைத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இல்லை. தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்ன மெஷின் அது. அதன் வயிற்றுக்குள் ஒரு கம்ப்ரசர் இருந்தது.

அக்கா இந்தக் கரையில் அதை வாங்கிக்கொண்டு, அட்டைப் பெட்டியோடு வெள்ளிக்கிழமை மதியம் மேசைக்கு வந்தாள். பெட்டியைப் பிரித்தவர் பூதக்கண்ணாடி இல்லை, பக்கத்து மேசைக்காரர். பெயர் ரேடியோ. வாய் மூடாதவர் என்பதால் வந்த பெயர்.

"என்னம்மா இது, கம்ப்ரசர் வச்ச மெஷின் ஆச்சே?"

"என் வீட்டுக்காரருக்கு மூச்சு விட முடியல ஐயா. டாக்டர் சீட்டு இருக்கு."

"சீட்டு எதுக்கு? நாற்பத்தேழைப் படிங்க. எந்தப் பயன்பாட்டுக்கானாலும். பெயின்ட் அடிக்கவும் கூடாது, மூச்சு விடவும் கூடாது." ரேடியோ இவள் பக்கம் திரும்பினார். "எழுதினவங்க இதோ நிக்கிறாங்களே, நம்ம மேடம். என்ன ஒரு வாசகம்! காத்துகூடப் புகாது."

அக்கா தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். 'நீயாடி எழுதின?' என்ற வியப்பு மட்டும் இருந்தது, சின்ன வயதில் இவள் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கி வரும்போது இருந்த அதே வியப்பு.

இருதலைக் கொள்ளி எறும்பு எந்தப் பக்கம் ஓடும்? வாயைத் திறந்தால் உறவு வெளிவரும். வேலை போகும், வழக்கு வரும், பாலம் அவளுக்கு நிரந்தரமாக மூடும். வாயை மூடினால் அத்தானின் மூச்சு மூடும். ஆனால் பட்டியலை அவளைப் போல் கரைத்துக் குடித்தவர்கள் யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பின் தெரியாத பயணிக்கு விதி சொல்வது போல உரக்கச் சொன்னாள்:

"பெட்டியில வச்சா சரக்கு. மூக்குல மாட்டினா நோயாளி. போட்டுக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்கிற கருவி சரக்கு ஆகாது. ஏழு நாளைக்கு ஒருதரம் அதே ஆள் அதே மெஷினோட வந்து பதிவு பண்ணணும். தெரிஞ்சுக்கோங்க."

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்வாங்க. எங்க பூசாரி வழியும் சொல்லிக் குடுக்குறாங்க பாருங்க!"

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அரை மணி கழித்து வரிசையில் வந்தபோது மெஷின் தோளில் தொங்கியது. குழாய் அவள் மூக்கில் இருந்தது. நன்றாக மூச்சு விடும் ஒரு பெண், மூச்சு முட்டுகிறவள் போல மெதுவாக நடந்து வந்தாள்.

"நோயாளி யாரு?" விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி.

"நான்தான் மேடம்."

அக்காவின் பகல் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, நோயாளிக்கான வாராந்திரச் சீட்டைக் கொடுத்தாள். மெஷினின் பக்கவாட்டில் சின்ன எண் பலகை உண்டு, அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம். மெஷினை யாரும் வாங்கிச் சும்மா அடுக்கி வைத்து விற்றுவிடக் கூடாது என்று வைத்த கட்டம். மற்றவர்கள் அதைக் குத்துமதிப்பாக நிரப்புவார்கள். பூதக்கண்ணாடி குனிந்து பார்த்து எழுதினாள்: 3.

அடுத்த வெள்ளி, 159. அதற்கடுத்து, 314.

அந்த எண்களை அவள் ஜாதகம் போலப் படித்தாள். ஏழு நாளில் நூற்றைம்பத்து ஐந்து மணி என்றால் அத்தான் தூங்கியிருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், கரண்ட் போன நேரம் தவிர எல்லா நேரமும் மூச்சு விட்டிருக்கிறார். மேசையில் இருவரும் புதிதாக ஒரு பாஷை பேசப் பழகினார்கள். அக்கா அத்தானை 'நான்' என்பாள்.

"மூச்சு எப்படிம்மா இருக்கு இந்த வாரம்?"

"தேவலை மேடம். நேத்து எழுந்து நானே முகம் கழுவிக்கிட்டேன். சத்தமாக்கூடச் சிரிச்சேன்."

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"பழைய சைக்கிள் ஒண்ணு கிடக்கு. அதைத் துடைச்சு வைக்கவான்னு எங்... என்கிட்ட யாரோ கேட்டாங்க. யாராவது பரீட்சை எழுதப் போறாங்களான்னு கேட்டுச் சிரிச்சேன்."

பூதக்கண்ணாடி குனிந்து முத்திரையைத் தேடினாள். முத்திரை கையில்தான் இருந்தது.

இன்னொரு வெள்ளி அக்கா மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள்: "மெஷின் இல்லாம மூணு மணி நேரம் தாக்குப் பிடிப்பேன் மேடம். பக்கத்து வீட்டுச் சின்ன சிலிண்டர் அவ்வளவுதான் வரும். அதுக்கு மேல முடியாது." வீட்டிலிருந்து பாலத்துக்கு முக்கால் மணி நடை. போகவர ஒன்றரை மணி. வரிசையில் ஒரு மணி. ஆக மூச்சுக்கும் முத்திரைக்கும் நடுவில் மிச்சம் அரை மணி. அந்த அரை மணியை நம்பித்தான் ஒரு உயிர் வெள்ளிக்கிழமைகளைத் தாண்டியது. உயிர் கொடுக்கும் மெஷினையே, உயிரைப் பணயம் வைத்து, வாரம் ஒருமுறை காட்டிவிட்டுப் போக வேண்டும்! இதை எழுதிய மகானுபாவன் எந்த அறையில், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தானோ!

468. 625.

ஆறாவது வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். மேசை மேசையாக நின்றார். ஒவ்வொரு பையையும் இரண்டாம் முறை பிரிக்கச் சொன்னார். வரிசை நகரவில்லை. ஒன்பது மணிக்கு வந்த அக்கா பத்தரைக்கும் தகரக் கூரையின் அந்த முனையிலேயே நின்றாள். முன்னால் நாற்பது பேர். பதினொன்று அடித்தது. பூதக்கண்ணாடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், கையிலிருந்த யாருடையதோ சோப்புக்கட்டியைப் பார்த்தாள். ஆய்வாளர் அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். அவள் திறமையைக் கேள்விப்பட்டு, நேரில் பார்க்க ஆசைப்பட்டாராம்.

பதினொன்றேகாலுக்கு அக்கா வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், பேட்டரி தீரப்போகுது. கொஞ்சம் முன்னாடி விடுங்க மேடம். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

ஆய்வாளர் புருவத்தைத் தூக்கினார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ஒரே ஒரு சொல். 'ஆமாம், என் அக்கா' என்று சொல்லியிருக்கலாம். அவள் வாய் திறந்தது. அந்தப் படிவம், அந்த 'இல்லை', கிடங்கு, இனி ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கிடையாது என்ற நினைப்பு, எல்லாம் ஒரே நொடியில் வந்து போயின. அவள் இல்லாத மேசையில் இந்த மெஷினை யார் விடுவார்கள்? அவருக்காகத்தானே இந்தப் பொய்?

"தெரியாது சார்" என்றாள். "வரிசையில நில்லுங்கம்மா. எல்லாருக்கும் அவசரம்தான்."

அக்கா திரும்பிப் போய் நின்றாள். பன்னிரண்டரைக்கு மேசைக்கு வந்தாள். பதிவேட்டில் எண்: 779. முத்திரை விழுந்ததும் அக்கா ஓடினாள். ஐம்பத்தாறு வயதில், மூக்கில் குழாயோடு, பாலத்தின் மேல் அவள் ஓடியதைப் பார்த்து ரேடியோ, "பேட்டரிக்கு இந்த ஓட்டம்னா, சீக்கு ரொம்ப இருக்காது" என்றார்.

அடுத்த ஏழு நாள் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்காதீர்கள். ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். அக்கரைக்குப் போன் பேசினால் பதிவாகும். சட்டம் போட்ட பாராட்டுக் கடிதத்தைக் கழற்றிச் சுவரின் பக்கம் திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வரிசையில் நின்றாள். மெஷின் தோளில் இருந்தது. குழாய் மூக்கில் இருந்தது. பூதக்கண்ணாடிக்கு உயிர் வந்தது. இருக்கிறார்! மெஷின் வந்திருக்கிறதே, அப்படியானால் இருக்கிறார்! அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் கைகள் பைகளில் பறந்தன. முப்பது பேரைச் சிரித்த முகமாக அனுப்பினாள். அவர்களே பயந்துபோனார்கள்.

அக்கா மேசைக்கு வந்தாள்.

"மூச்சு எப்படிம்மா இருக்கு?"

"குணமாயிடுச்சு மேடம்."

பேனா நின்றது.

"இனிமே மெஷின் வேண்டியதில்ல. திருப்பி ஒப்படைக்க வந்தேன். ஒப்படைக்காம விட்டா, பதிஞ்சு விட்டவங்களுக்குத்தானே பிரச்சினைன்னு சொன்னாங்க."

"அட, நல்ல சேதியா இருக்கே!" ரேடியோ எட்டிப் பார்த்தார். "நான் சொல்லல? போன வாரமே என்ன ஓட்டம்! ஸ்வீட் எங்கம்மா?"

"அடுத்த தடவை கொண்டு வரேன் ஐயா" என்றாள் அக்கா. சிரிக்கவும் செய்தாள். பிறகு தங்கையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, பத்திரமாகக் கையில் வைப்பது போலச் சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை மேடம். மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நல்லாத் தூங்கிக்கிட்டே... குணமாயிடுச்சு. கஷ்டமே இல்ல. போன வாரம் லேட் ஆனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க மேல எந்தக் குறையும் இல்ல மேடம்."

செவ்வாய்க்கிழமை. தூக்கத்தில். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. கண்ணீர் முட்டினாலும் அந்தச் சொற்களை அவள் நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். தண்ணீரில் தத்தளிப்பவன் கட்டையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள். பிறகு கட்டத்தை நிரப்பக் குனிந்தாள். பழக்கம். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

782.

மேலே போன வாரத்து எண்: 779.

மூன்று மணி நேரம். போன வெள்ளி வீட்டுக்குத் திரும்பிய முக்கால் மணி. இன்று வந்த முக்கால் மணி. இன்று வரிசையில் நின்ற ஒன்றரை மணி. நடுவில் ஏழு நாளில் அத்தானுக்கென்று ஒரு நிமிஷம்கூட அது ஓடவில்லை. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோதே அதை மாட்டிக்கொள்ள ஆள் இல்லை.

அவள் மெஷினைத் திருப்பி, எண் பலகையை அக்காவின் பக்கம் காட்டினாள். கட்டைவிரலை எண்ணுக்குக் கீழே வைத்தாள். அக்காவுக்கு அந்த எண் என்னவென்று இத்தனை வாரமாகத் தெரியாது. இப்போது தெரிந்தது. மறைக்க வந்ததை மறைக்க முடியவில்லை என்று தெரிந்ததும், அந்த முகம் இடிந்தது. மறுநொடியே அம்மா முகமாக நிமிர்ந்தது.

"அது பழுது மேடம்" என்றாள் அவசரமாக. "எண்ணு நின்னுபோச்சு. மெஷின் ஓடுச்சு. நம்புங்க. எண்ணுதான் ஓடல."

"சரிம்மா" என்றாள் தங்கை. "பழுதுன்னே எழுதிக்கிறேன்."

குறிப்புக் கட்டத்தில் பேனாவை வைத்தாள். அப்போது, அக்காவின் மூக்கில் குழாய் இன்னும் இருந்ததால், யாருக்கும் தேவையில்லாத காற்றை மெஷின் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்ததால், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மாறியது.

783.

அக்கா மெதுவாகக் குழாயைக் கழற்றினாள். காதோரம் சிவந்த தடம் இருந்தது. தங்கை கையை நீட்டினாள். குழாயை வாங்குவது போல நீட்டி, அந்த விரல்களை ஒரு நொடி இறுக்கிப் பிடித்தாள். அக்கா அழுத்தினாள், விட்டாள். நோயாளிக்குக் கொடுத்த வாராந்திரச் சீட்டு இன்றோடு முடிந்தது. அதைக் கிழிக்க வேண்டியவளும் அவள்தான். கிழித்தாள். இனி பாலம் ஏறப் புதுப் பகல் சீட்டு வேண்டும்; அதற்கு அக்கரையில் ஒரு வருடம் காத்திருக்கிறார்கள்.

"வரேன் மேடம்."

"பார்த்துப் போங்கம்மா."

பாலத்தின் மேல் அக்கா தோளில் சுமை இல்லாமல் நடந்து போனாள். பழக்கத்தில் ஒரு தோள் மட்டும் இன்னும் சாய்ந்திருந்தது. 'ஒப்படைக்கக் காரணம்' என்ற கட்டத்தில் பூதக்கண்ணாடி 'பயன்பாடு முடிந்தது' என்று எழுதினாள். மெஷினின் பொத்தானை அழுத்தினாள். சத்தம் நின்றது.

"என்ன மேடம், கண்ணு கலங்குது? தூசியா?" என்றார் ரேடியோ.

"ஆமா. கல்தூசி."

வரிசையில் இன்னும் அறுபது பேர் நின்றார்கள். முதல் ஆள், பையைத் தானாகவே திறந்து வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தான்.

"அடுத்து" என்றாள்.